சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டால் போதுமா? சர்வர் மதர்போர்டுக்குப் பிராசஸர் தேர்ந்தெடுப்பது எப்படி

சர்வர் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்த முதல் தடவை, சாக்கெட் பெயரை மட்டும் பார்த்துப் பிராசஸரை வாங்கிவிட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது, விசிறிகளும் சுற்றின. திரையில்தான் ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் ரேமைக் கழற்றிக் கழற்றி மாட்டிய பிறகே பயாஸ், அதாவது போர்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருள், அந்தப் பிராசஸரை அறியாத பழைய பதிப்பு என்று புரிந்தது. நீங்கள் அந்த இரண்டு நாளை மிச்சப்படுத்தலாம்.

படி 1: சப்போர்ட் பட்டியலைப் பாருங்கள்

ஒரு போர்டில் எந்தெந்தப் பிராசஸர் ஓடும் என்று அதைத் தயாரித்த நிறுவனம் தரும் பட்டியல் இது. ஏஎம்டியின் எஸ்பி3 சாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். 2017-இல் வந்த எபிக் 7001 வரிசை சர்வர் பிராசஸர்கள், 2019-இன் 7002, 2021-இன் 7003 மூன்றும் அதில் பொருந்தும். ஆனால் 7001 காலத்துப் போர்டுகள் சிலவற்றில் பயாஸ் சிப் வெறும் 16 எம்பி. பழைய, புதிய தலைமுறைகள் இரண்டுக்கும் அதில் இடம் பற்றாது. அதனால் அதே மாடலையே 32 எம்பி சிப்போடு புதிய ரிவிஷனாக வெளியிட்டார்கள். ஆகவே மாடல் பெயரோடு, போர்டில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும், உங்கள் பிராசஸருக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்பதையும் பட்டியலில் தேடுங்கள்.

இன்டெல் பக்கமும் இதே கதைதான். எல்ஜிஏ 4677 சாக்கெட் என்பதற்காக வொர்க்ஸ்டேஷனுக்கான ஜியான் டபிள்யூ பிராசஸரை சர்வர் போர்டில் போட்டால் வேலை செய்யாது.

பழைய எபிக் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சில நிறுவனங்களின் சர்வரில் ஒருமுறை ஓடிய எபிக், அந்த நிறுவனத்தின் போர்டோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கலாம். அந்தப் பூட்டைத் திறக்க வழியில்லை. விற்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 2: மின்சாரக் கணக்கு

பட்டியலில் பிராசஸரின் பெயர் இருந்தாலும், போர்டு எத்தனை வாட் டிடிபி (பிராசஸர் முழுச் சுமையில் வெளியிடும் சூட்டின் அளவு) வரை தாங்கும் என்று தனியாகப் பாருங்கள். காரணம் விஆர்எம், அதாவது வோல்ட்டைக் குறைத்துப் பிராசஸருக்குத் தரும் போர்டின் சர்க்யூட். பவர் சப்ளை தருவது 12 வோல்ட். பிராசஸர் கோர்களுக்கு வேண்டியது ஏறக்குறைய 1 வோல்ட். 280 வாட் பிராசஸர் என்றால் கிட்டத்தட்ட 280 ஆம்பியர்! அதை ஒரே பாகத்தால் தர முடியாது என்பதால் ஃபேஸ் எனப்படும் பல இணைப் பாதைகளாகப் பிரிக்கிறார்கள். 8 ஃபேஸ் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 35 ஆம்பியர்.

ஒரு பவர் ஸ்டேஜ் (ஒரு ஃபேஸின் மின்னோட்டத்தைத் தரும் சிப்) 70 ஆம்பியர் தாங்கும் என்று போட்டிருந்தாலும் பாதியில் ஓடுவதுதான் நல்லது. மின்னோட்டம் இரட்டித்தால் மின்தடையால் வரும் சூடு நான்கு மடங்காகும். விஆர்எம் 90 சதவீதத் திறனோடு இயங்குகிறது என்று வையுங்கள். 280 வாட் கொடுக்க 311 வாட் இழுக்கும். மீதி 31 வாட்டும் சாக்கெட்டை ஒட்டிய சின்ன இடத்தில் சூடாகத் தேங்கும்.

படி 3: கேபிள்

அந்த 311 வாட் 12 வோல்ட்டில் வரும்போது சுமார் 26 ஆம்பியர். போர்டில் இரண்டு 8 பின் சிபியு இணைப்பிகள் இருந்தால் இரண்டிலும் கேபிள் மாட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளைத் தெரியாமல்கூட இதில் திணிக்காதீர்கள். இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும், ஷார்ட் ஆகிவிடும். வேறொரு பவர் சப்ளையின் கழற்றக்கூடிய கேபிளும் வேண்டாம், முனை பொருந்தினாலும் சரி.

படி 4: மாட்டுதல்

பிராசஸரை அழுத்திப் பிடிக்கும் எஸ்பி3 சட்டத்தில் திருகுகளுக்கு 1, 2, 3 என்று எண் இருக்கும். அந்த வரிசையில் இறுக்குங்கள், கழற்றும்போது 3, 2, 1. இரட்டை சாக்கெட் போர்டில் ஒரே பிராசஸர் போடுவதானால் முதல் சாக்கெட்டில்தான் போட வேண்டும். இரண்டாவதோடு இணைந்த ரேம் இடங்களும் கார்டுகள் செருகும் சில பிசிஐஇ ஸ்லாட்டுகளும் அப்போது வேலை செய்யாது. பழுது என்று பயப்பட வேண்டாம்.

படி 5: சூட்டைக் கவனியுங்கள்

சர்வர் போர்டின் விஆர்எம் ஹீட்சிங்க், முன்பக்க விசிறிகள் காற்றை வேகமாகத் தள்ளும் என்று நம்பியே வடிவமைக்கப்பட்டது. அதைச் சாதாரண டெஸ்க்டாப் கேபினட்டில் வைத்தால், பிராசஸர் குளுமையாக இருக்கும்போதே விஆர்எம் கொதிக்கும். அரை மணி நேரம் முழுச் சுமை கொடுத்துவிட்டு, பிஎம்சி (சர்வரைத் தொலைவிலிருந்து கண்காணிக்க உதவும் சிப்) தரும் வலைப்பக்கத்தில் விஆர்எம் வெப்பநிலையைப் பாருங்கள். 90 டிகிரியைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் சுமையை நிறுத்துங்கள். அப்புறம் அந்த ஹீட்சிங்கை நேராகப் பார்த்தபடி ஒரு 80 மிமீ விசிறியை வைத்து, மறுபடி அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.