மேஸ்டர்மிர் கருவிப்பெட்டியைச் செய்து பார்ப்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

ஸ்வீடனின் கோட்லாண்ட் தீவில் மேஸ்டர்மிர் என்றொரு சதுப்பு நிலம். தண்ணீரை வடித்து விளைநிலமாக்கிய அந்த இடத்தில், 1936-இல் உழுதுகொண்டிருந்த ஒரு விவசாயியின் கலப்பையில் ஏதோ சிக்கியது. தோண்டிப் பார்த்தால் ஓக் மரத்தில் செய்த பெட்டி. அதைச் சுற்றி இரும்புச் சங்கிலி. உள்ளேயும் அக்கம்பக்கத்திலுமாக 200-க்கும் மேற்பட்ட பொருட்கள்: கோடாலி, வாய்ச்சி (மரத்தைச் செதுக்கும் குறுக்கு அலகுக் கருவி), துரப்பணம், ரம்பம், அரம், சுத்தியல், குறடு, பட்டடைக்கல், பூட்டு, சாவி. தச்சு வேலையும் கொல்லு வேலையும் தெரிந்த ஒருவருடைய சொத்து என்று பார்த்தாலே தெரியும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையான இந்த வைக்கிங் காலப் பெட்டி இப்போது ஸ்டாக்ஹோமில் உள்ள ஸ்வீடன் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பழைய பெட்டிகளை நகலெடுக்கும் மரவேலைக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்தமான ஒன்று. சுமார் 90 செ.மீ. நீளம், 26 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரம், மொத்தமே ஆறு பலகைகள். புறாவால் மூட்டு (விரிந்த பற்களைக் கோத்துப் பலகைகளை இணைக்கும் மூட்டு) இல்லை, இழுப்பறை இல்லை, சித்திர வேலைப்பாடு இல்லை. படத்தைப் பார்த்ததும் 'சனி, ஞாயிறு போதும்' என்று கை பரபரக்கும். அப்படி இறங்கியவர்களின் பெட்டிகளில் பாதி அடுத்த வெயில் காலத்தில் வெடித்து நிற்கும்.

மூட்டைச் சரியாகப் போடாததால் வெடித்தது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறார்கள். என் கணிப்பில் கோளாறு அதற்கு முன்பே, பலகை வாங்கிய அன்றே தொடங்கிவிடுகிறது. கடையில் இழைத்து அடுக்கிய ஓக் பலகையில், பார்க்க அழகாக மலைமலையாக ரேகை ஓடுவதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வருகிறோம். அந்தக் காலத் தச்சரிடம் அப்படியொரு பலகையே கிடையாது. அவர் அடிமரத்தை அறுக்கவில்லை, பிளந்தார். ஆப்பு வைத்து முதலில் பாதி, அப்புறம் கால், அப்புறம் அரைக்கால் என்று, மரத்தின் மையத்தில் இருக்கும் நடுத்தண்டிலிருந்து வெளியே நோக்கிப் பிளந்துகொண்டே போய், கிடைத்த சீவலைக் கோடாலியால் செதுக்கிப் பலகையாக்கினார். பெட்டிக்குள்ளேயே ரம்பம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் கைவேலைக்கான அளவில். அடிமரத்தை நெடுக அறுத்துப் பலகையாக்கும் ரம்பம் வேறு சாதி.

பிளந்த பலகையில் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடும். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்கு, அதாவது அகன்ற பரப்புக்கு, செங்குத்தாக நிற்கும். இதனால் என்ன லாபம்? மரம் நீளவாக்கில் சுருங்குவது கிட்டத்தட்ட இல்லை. அகலவாக்கில் சுருங்கும், அதுவும் எந்தத் திசையில் வெட்டியது என்பதைப் பொறுத்து. வளையங்கள் படுத்திருக்கும் ஓக் பலகை, வளையங்கள் நிற்கும் பலகையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அசையும். 24 செ.மீ. அகலப் பலகையின் ஈரம் நான்கு சதவீதப் புள்ளி குறைந்தால், முதலாவது மூன்றரை மி.மீ. வரை சுருங்கும், இரண்டாவது ஒன்றரை மி.மீ. சொச்சத்தோடு நின்றுவிடும். அசைய விடாமல் ஆணி அடித்து இறுக்கிய பலகையில் இந்த வித்தியாசம்தான் பிழைப்பதா, வெடிப்பதா என்பதை முடிவு செய்கிறது.

பிளந்த மரம் கிடைக்காவிட்டால் விட்டுவிட வேண்டியதில்லை. அறுத்த பலகையிலேயே முனையைப் பாருங்கள். கோடுகள் முகத்துக்கு நேர்குத்தாக நிற்கின்றனவா? முகத்தை வெளிச்சத்தில் சாய்த்தால் குறுக்கே பளபளப்பான தீற்றல்கள் மின்னுகின்றனவா? எடுத்துக்கொள்ளலாம். முனையில் பிறைபிறையாக வளைவு தெரிந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். பலகை ஓரத்தில் வெளிறி நிற்கும் வெண்மரத்தையும் சீவி எறிந்துவிடுங்கள், பூச்சிக்கு முதல் பந்தி அங்கேதான்.

அடுத்தது வரைபடம். ஒரு புகைப்படத்தை எடுத்து, விகிதம் போட்டு, அளவு எடுப்பவர்கள் நிறையப் பேர். கேமரா எங்கே நின்றது என்பதைப் பொறுத்து கிட்ட இருப்பது பெருக்கும், எட்ட இருப்பது சிறுக்கும். மூலப்பெட்டியும் பல நூற்றாண்டு சேற்றில் ஊறிய மரம். இன்று அதில் தெரியும் கோணல் எல்லாம் செய்தவர் வைத்த கோணல் அல்ல. ஆனால் அதைச் சாக்காக வைத்து எல்லாவற்றையும் நேராக்கிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. முனைப்பலகைகள் சரிவகமாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. பக்கப் பலகைகள் சாய்ந்து நிற்பது அதனால்தான். சாய்வைப் போட்டுவிட்டு விளிம்பை மட்டும் 90 பாகையில் அறுத்துவிட்டால், அடிப்பலகையைத் தொடும் இடத்தில் நெடுக ஒரு இடுக்கு வாயைப் பிளக்கும். எண்ணை நம்பாமல், முனைப்பலகையின் சாய்வைச் சாய்மட்டத்தில் (கோணத்தை அப்படியே பிடித்து மாற்றும் கருவி) எடுத்து அப்படியே விளிம்புக்கு மாற்றுவது நல்லது.

இனி மூட்டு. அடிப்பலகையின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்குகளான கழுந்துகள் முனைப்பலகைகளின் துளைகளில் நுழைகின்றன. பக்கப் பலகைகளை மர ஆணிகள் பிடித்திருக்கின்றன. நம் ஆட்களுக்கு இங்கே நம்பிக்கை வராது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று எல்லா இடத்திலும் பசையைத் தடவிவிடுவார்கள். மர ஆணிக்குக் கொஞ்சம் நெளிவு உண்டு, பசைக்குக் கிடையாது. ஒரு பலகையின் நார் நிமிர்ந்தும் அதோடு ஒட்டும் பலகையின் நார் படுத்தும் இருந்தால், பசை போட்ட இடத்தை விட்டுவிட்டு மரமே பிளந்துகொள்ளும்.

மர ஆணியைக் கடையில் வாங்கும் உருண்டைக் குச்சியில் செய்யாதீர்கள். அது அறுத்துக் கடைந்தது. நார் சாய்வாக ஓடி பக்கவாட்டில் வெளியேறும். சுத்தியல் பட்டதும் அந்த இடத்தில் முறியும். காய்ந்த ஓக் துண்டைப் பிளந்து, கத்தியால் எட்டுப் பட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். பட்டையின் முனைகள் துளைச் சுவரைக் கடித்துப் பிடிக்கும். ஆணி பலகையைவிட ஒரு பங்கு அதிகமாகக் காய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே போனபின் ஈரம் இழுத்து உப்பும். வரிசையாக எல்லாத் துளையையும் ஒரே ரேகைக்கோட்டில் போட்டால் அந்தக் கோடே பிளவாக மாறும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று சற்றே மாற்றிப் போடுங்கள்.

மூடிதான் இந்தப் பெட்டியில் கடினமான துண்டு. மேலே குவிந்து, உள்ளே குடைந்த ஒற்றை மரம். மெல்லிய பட்டிகளை ஒட்டி வளைவு கொண்டுவருபவர்கள் உண்டு. தூரத்தில் நன்றாகத்தான் தெரியும், திறந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். குடைபவர்கள் பச்சை மரத்தில் குடையுங்கள், வாய்ச்சி வெண்ணெய் போல இறங்கும். ஆனால் நடுத்தண்டு துண்டில் இருக்கவே கூடாது. தடிமன் எல்லா இடத்திலும் ஒரே சீராக வரட்டும். முனைகள்தான் முதலில் காயும், முதலில் வெடிக்கும். அங்கே மெழுகு பூசி, வெயிலும் காற்றும் அடிக்காத இடத்தில் மெதுவாக உலர விடுங்கள். உலர்ந்தபின் வளைவு மாறும். அதனால் பெட்டியின் விளிம்போடு பொருத்தி இழைப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. அருங்காட்சியகத்தில் பெட்டி கறுத்திருப்பதைப் பார்த்துவிட்டு நகலுக்கும் கறுப்புச் சாயம் பூசுகிறார்கள். சதுப்பில் கிடக்கும் ஓக், அதன் துவர்ப்புச் சத்தும் மண்ணில் உள்ள இரும்பும் சேர்ந்து கறுத்துப்போகும். புதிதாகச் செய்த அன்று பெட்டி வெளிர் பழுப்பாகத்தான் இருந்திருக்கும். தச்சர் தோளில் தூக்கிப் போனதைச் செய்கிறோமா, கலப்பையில் மாட்டியதைச் செய்கிறோமா என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இரண்டும் கலந்தால் நாடகப் பொருளாகிவிடும்.

இதே வேதியியல் பட்டறையிலும் விளையாடும். ஈர ஓக்கின் மேல் இரும்புத்தூள் விழுந்தால் கருநீலப் புள்ளி. கீலை அரத்தால் ராவும் வேலையைப் பெட்டிக்கு அருகில் வைத்துக்கொள்ளாதீர்கள். கீல் பழையது போலத் தெரிய வேண்டும் என்று துத்தநாகம் பூசிய கீலை நெருப்பில் போடுவது ஆபத்து. கிளம்பும் புகை நச்சு. பூச்சில்லாத இரும்பாகத் தேடி வாங்குங்கள்.

மேலே ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பது நல்ல வழி. துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

பூட்டை எல்லாம் முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம். 26 செ.மீ. அகலப் பெட்டிக்குள், சாய்ந்த பலகையின் உள்பக்கத்தில் துளையிடக் கை நுழையாது. முன்பலகை மேசையில் தட்டையாகக் கிடக்கும்போதே சாவித்துளை, கொண்டி வாய், பூட்டின் இருப்பிடம் எல்லாவற்றையும் வெட்டி, ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு அந்தப் பலகைக்கு ஆணி அடியுங்கள்.