வீட்டுவழிக் கல்வியிலிருந்து கல்லூரிக்கு: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் இன்று பல ஊர்களில் இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலானோர் சிறுவயதுக் கல்வியை அருமையாக நடத்துகிறார்கள்; பிள்ளை நிறைய வாசிக்கிறது, கேள்வி கேட்கிறது, தனக்குப் பிடித்ததை ஆழமாகக் கற்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதைத் தாண்டும்போதுதான் கல்லூரி என்ற கேள்வி எழுகிறது. அப்போது சிலர் பதற்றத்தில் எல்லாவற்றையும் கைவிட்டுப் பயிற்சி நிலையங்களை நாடுகிறார்கள். வேறு சிலர் ‘அறிவு இருந்தால் போதும், சான்றிதழ் பின்னாலேயே வரும்’ என்று காத்திருக்கிறார்கள். இரண்டும் பிள்ளைக்கு நல்லதல்ல என்றே நான் கருதுகிறேன். எந்தப் பட்டப்படிப்பு என்பதை ஓரளவு தீர்மானித்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எந்த வயதில் எந்தத் தேர்வு என்பதை எழுதிவைத்துவிட்டால், வீட்டுக் கல்வியின் சுதந்திரமும் குறையாது, கல்லூரியின் கதவும் மூடாது.

சான்றிதழைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு நாடறிந்த ஒரு செய்தி உண்டு. மும்பையைச் சேர்ந்த, பள்ளிப் படிப்பை இடையில் விட்டு வீட்டில் படித்த ஒரு மாணவி, பள்ளி மாணவர்களுக்கான கணினி நிரலாக்கப் போட்டியான பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் பெற்று, 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இடம் பெற்றார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி.க்களில் அவருக்கு வழியில்லை. சென்னைக் கணிதக் கழகம் அவருடைய ஆற்றலைப் பார்த்துப் படிக்க இடம் கொடுத்தது. இதைப் படித்துவிட்டுச் சான்றிதழே தேவையில்லை என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் அதன் பொருள் வேறு: உலக அளவிலான பதக்கம் இருந்தும் இந்தியாவின் பெரும்பாலான கல்லூரிகளில் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் நுழைய முடியாது. அந்த ஒரு தாளைப் பெறும் வழியை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சான்றிதழுக்கான வழிகள்

இந்தியாவில் வீட்டுவழிக் கல்வி மாணவர்கள் மிகுதியாகத் தேர்ந்தெடுப்பது தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தை, அதாவது என்.ஐ.ஓ.எஸ். அமைப்பை. நடுவண் அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் 1989இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு சி.பி.எஸ்.இ. போலவே ஒரு தேசியக் கல்வி வாரியம். பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யப் பிள்ளைக்கு 14 வயதும், பன்னிரண்டாம் வகுப்புக்கு 15 வயதும் நிறைந்திருக்க வேண்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழ் இல்லாத பிள்ளையும் சேரலாம். இந்தப் படிப்பைத் தொடரப் போதிய அறிவு தனக்கு இருக்கிறது என்ற சுய அறிவிப்பே பத்தாம் வகுப்புச் சேர்க்கைக்குப் போதும். ஒரு மொழிப் பாடம் உட்பட ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். பதிவு ஐந்தாண்டுகள் செல்லும். அதற்குள் தேர்வெழுத ஒன்பது வாய்ப்புகள் உண்டு. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடக்கிறது.

இந்த நெகிழ்ச்சியைச் சரியாகப் பயன்படுத்தும் குடும்பங்கள் குறைவு. ஐந்து பாடங்களையும் ஒரே தேர்வில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. மொழிப் பாடத்தையும் எளிதான இன்னொரு பாடத்தையும் அக்டோபரில் எழுதி முடித்துவிட்டு, கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றை ஏப்ரலில் எழுதினால் பிள்ளைக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் போதிய நேரம் கிடைக்கும். ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் கல்லூரி எல்லாப் பாடங்களிலும் ஒரே அமர்வில் தேர்ச்சி கேட்கிறதா என்பதை விசாரித்த பிறகே இப்படிப் பிரிக்க வேண்டும். இன்னொரு விதியையும் பலர் தாமதமாகவே அறிகிறார்கள்: பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்று இரண்டு ஆண்டுகள் ஆன பிறகே பன்னிரண்டாம் வகுப்பின் முழுச் சான்றிதழ் கிடைக்கும். எனவே பிள்ளை பதினேழு வயதில் கல்லூரியில் சேர வேண்டுமானால் பதினைந்து வயதுக்குள் பத்தாம் வகுப்பை முடித்தாக வேண்டும். அதற்கான பதிவைப் பதினான்கு வயது நிறைந்தவுடன் செய்ய வேண்டும்.

என்.ஐ.ஓ.எஸ். படிப்பில் டி.எம்.ஏ. என்று அழைக்கப்படும், வீட்டில் எழுதித் தரும் ஒப்படைப்புகளுக்கு 20 விழுக்காடு மதிப்பு உண்டு. இவற்றை விடையோடு தயாராக எழுதி விற்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்காதீர்கள். பாடத்தின் ஒரு பகுதி ஒப்படைப்புக்கு மட்டும் ஒதுக்கப்பட்டு, மீதிப் பகுதியிலிருந்துதான் பொதுத்தேர்வில் கேள்வி வருகிறது. ஒப்படைப்பை விலைக்கு வாங்கும் மாணவர் அந்தப் பகுதியை ஒருபோதும் படிக்காமலே பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிடுவார், மருத்துவத்துக்கான நீட், ஐ.ஐ.டி. போன்ற பொறியியல் நிறுவனங்களுக்கான ஜே.இ.இ. ஆகிய நுழைவுத்தேர்வுகளோ அப்படிப் பிரித்துக் கேட்பதில்லை. அறிவியல் பாடங்களுக்கான செய்முறைத் தேர்வு ஒதுக்கப்பட்ட படிப்பு மையத்தில் நடக்கும் என்பதால், அந்த மையம் ஆய்வகப் பயிற்சியை முறையாகத் தருகிறதா என்பதைப் பதிவுக்கு முன்னரே நேரில் சென்று பாருங்கள்.

தமிழ்நாட்டு மாநில வாரியத்தில் தனித்தேர்வராக எழுதும் வழியும் உண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது நிறைந்தவர்களுக்கு நடத்துகிறது. அதன்பின் பத்தாம் வகுப்புக்குச் செல்லலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குத் தனியே பதிவு செய்ய வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இணையான கேம்பிரிட்ஜ் தேர்வுகளான ஐ.ஜி.சி.எஸ்.இ., ஏ லெவல் ஆகியவற்றையும் தனித்தேர்வராக எழுத முடியும். ஆனால் கட்டணம் மிக அதிகம். ஏ லெவல் அறிவியலில் செய்முறைத் தாளுக்கு இடமளிக்கும் மையத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். வெளிநாட்டில் படிக்கவைக்கும் எண்ணம் உறுதியாக இருந்தாலொழிய இந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

எந்தக் கதவு, என்ன கேட்கிறது

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200க்குக் கணக்கிடப்படும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. ஆகவே இந்த வழியை நாடும் மாணவருக்கு வெறும் தேர்ச்சி போதாது, ஒவ்வொரு மதிப்பெண்ணும் முக்கியம். ஜே.இ.இ. மெயின் தேர்வுக்கு என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழ் குறைந்தது ஐந்து பாடங்களுடன் இருந்தால் ஏற்கப்படும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. ஆகியவற்றில் இடம் பெறப் பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 65 விழுக்காடு, அல்லது வாரியத்தின் முதல் 20 விழுக்காட்டு மாணவர்களுள் ஒருவராக இருத்தல் என்ற விதியும் உண்டு. நுழைவுத்தேர்வுக்கு மட்டும் உழைத்து வாரியத் தேர்வைப் புறக்கணித்தால் இங்கே சிக்கிக்கொள்ள நேரும்.

மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் நெடுங்காலம் ஓர் அச்சத்தில் இருந்தார்கள். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுதத் தகுதியற்றவர்கள் என்று முன்பு விதி இருந்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2018இல் அதை நீக்கியது. அந்தத் தகுதியைத் தேசிய மருத்துவ ஆணையமும் ஏற்ற பிறகு, 2024இல் உச்ச நீதிமன்றத்திலும் வழக்கு முடிவுக்கு வந்தது. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைய வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு வீட்டில் படித்தவர்களுக்குப் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கலை, அறிவியல் படிப்புகளில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர 2022இல் தொடங்கிய கியூட் என்ற பொது நுழைவுத்தேர்வு பெரிய வாய்ப்பு. எந்த வாரியத்தில் படித்தவரும் ஒரே தாளை எழுதுவதால், திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழைக் குறைவாக மதிக்கும் மனப்பாங்குக்கு அங்கே இடமில்லை. தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண், தவறானதற்கு ஒன்று கழியும். திருவாரூரிலுள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் இத்தேர்வின் வழியே இளநிலை மாணவர்களைச் சேர்க்கிறது. பெங்களூரின் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் தன் தேர்வோடு நேர்காணலையும் நடத்துகிறது. தான் எதைக் கற்றோம், ஏன் கற்றோம் என்று தெளிவாகப் பேசக்கூடிய பிள்ளைக்கு அத்தகைய நேர்காணல் மிகவும் ஏற்றது. சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பும் கருதத் தக்கது: பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பை எந்தப் பிரிவில் முடித்திருந்தாலும், நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் வென்றால் சேரலாம்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் அந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் படித்துவிட்டு, உங்கள் வாரியச் சான்றிதழை ஏற்கிறார்களா என்பதைச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஓராண்டைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஆவணங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொடர்ந்து படித்தவர்களுக்குப் பள்ளிப் பதிவேடே பல கேள்விகளுக்கு விடை சொல்லிவிடும். வீட்டில் படித்த பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. பிறப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருந்தால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை மையம் வழியே முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஓரெழுத்து மாறினாலும் கலந்தாய்வு நேரத்தில் அலைய வேண்டிவரும். கல்லூரி கேட்கும் மாற்றுச் சான்றிதழுக்குக் கலங்க வேண்டாம், என்.ஐ.ஓ.எஸ். இடப்பெயர்வு–மாற்றுச் சான்றிதழைத் தானே வழங்குகிறது.

இவற்றோடு, பிள்ளை கற்றவற்றைக் காட்டும் ஒரு கோப்பைப் பதின்மூன்று வயதிலிருந்தே தொகுத்து வாருங்கள். படித்த நூல்கள், செய்த திட்டப்பணிகள், எழுதிய கட்டுரைகள், நிரல்கள், களப்பயணக் குறிப்புகள் ஆகியவற்றைத் தேதியோடு சேர்த்து வையுங்கள். ‘என் மகன் நன்றாகப் படிப்பான்’ என்ற பெற்றோரின் சொல்லைவிட வெளியார் ஒருவரின் மதிப்பீடு கல்லூரிக்கு நம்பத்தக்கது. அதற்கு என்.பி.டெல். பாடங்கள் மிகவும் உதவும்: ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் இப்பாடங்களில் சேரக் கட்டணமில்லை. வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25 விழுக்காடும், நேரில் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் மதிப்பு. பதினாறு வயதுப் பிள்ளை ஒரே ஒரு பாடத்தை முடித்தாலும், கல்லூரிப் பாடத்தின் நடையும் கெடு தவறாத பழக்கமும் கல்லூரிக்குச் செல்லும் முன்பே அறிமுகமாகிவிடும்.

கல்லூரியில் நிலைத்து நிற்க

சேர்க்கையைவிட முதல் பருவத்தைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன். வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அறிவு குறைவதில்லை; பிறர் வகுத்த நேரத்துக்குள், பிறர் கேட்ட வடிவத்தில் அதை வெளிப்படுத்தும் பழக்கமே குறைகிறது. மூன்று மணி நேரம் இடைவிடாமல் கையால் எழுதுவது பழகாத விரலுக்குக் கடினம். ஆகவே தேர்வுக்கு ஓராண்டு முன்பிருந்தே மாதத்துக்கு இருமுறையாவது, வீட்டுக்கு வெளியே, ஒரு நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ, பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதவையுங்கள். விடைத்தாளைப் பெற்றோர் திருத்தாமல் அப்பாடம் அறிந்த ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதும் ஆர்வமுள்ள பிள்ளைக்கு, அளவறிந்து எழுதக் கற்பதே பெரிய பாடம்.

தன் விருப்பப்படி படித்து வந்தவர் பிடிக்காத பாடத்தையும் முடித்தாக வேண்டிய நிலையை முதன்முதலில் கல்லூரியில் சந்தித்தால் தடுமாறுவார். பதினைந்து வயதிலிருந்தே வாரத்தில் சில மணி நேரம், பிள்ளைக்கு ஆர்வமில்லாத, ஆனால் தேவையான ஒரு பாடத்தை அதற்கான ஆசிரியரிடம் குழுவாகச் சேர்ந்து படிக்கச் செய்யுங்கள். ஆசிரியர் பேசும்போது குறிப்பெடுப்பது, புரியாததைப் பலர் முன்னிலையில் கேட்பது, விருப்பமில்லாத ஒருவரோடும் சேர்ந்து வேலை செய்வது ஆகிய மூன்றும் அங்கேதான் பழக்கமாகும்.

கல்லூரி நடைமுறைகளையும் முன்பே விளக்குங்கள். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் பருவத்தேர்வு எழுத முடியாமல் போகலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எழுத்துப் பாடங்களுக்கு அகமதிப்பீடு 40, பருவத்தேர்வு 60. ஆகவே அகத்தேர்வை அலட்சியம் செய்யும் மாணவர் பருவ இறுதியில் ஈடுகட்டுவது கடினம். ஆய்வகக் குறிப்பேட்டை அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்குவது, அக்கல்லூரி மாணவர் என்று உறுதிசெய்யும் போனஃபைடு சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, கட்டண ரசீதைப் பத்திரப்படுத்துவது, வங்கிக் கணக்கைத் தானே கையாள்வது போன்றவற்றைப் பிள்ளையே செய்யட்டும். பதினாறு வயதில் என்.ஐ.ஓ.எஸ். விண்ணப்பத்தைப் பெற்றோர் அருகில் இருக்க, பிள்ளையே நிரப்பட்டும். மண்டல அலுவலகத்தில் ஏதேனும் கேட்க வேண்டியிருந்தால் பிள்ளையே பேசட்டும்.

முதல் பருவத்தில் ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் வீட்டுவழிக் கல்வியே தவறு என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிடாதீர்கள். பள்ளியில் படித்தவர்களுக்கும் அது நேர்கிறது. விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கி, பாடம் புரியாததால் போனதா, எழுதும் முறையால் போனதா என்பதைப் பிள்ளையோடு அமர்ந்து பார்த்து, பாட ஆசிரியரை அந்த வாரமே சந்திக்கச் சொல்லுங்கள்.