வெட்டவெளியில் மாட்டும் படத்துக்குச் சட்டம்: உள்ளே பனி படராமல் செய்யும் முறை

சமாதியிலோ கல்லறையிலோ பள்ளி முகப்பிலோ மாட்டிய புகைப்படம் கெட்டுப்போகும் வரிசை எங்கும் ஒன்றுதான். முதலில் காலை வேளையில் கண்ணாடியின் உள்பக்கம் பனி படரும். பிறகு கீழ் ஓரத்தில் தண்ணீர் தேங்கும். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். கடைசியில் முகமே அடையாளம் தெரியாமல் வெளுக்கும். உடனே எல்லோரும் செய்யும் வைத்தியம், விளிம்பு முழுக்க இன்னும் கொஞ்சம் சிலிக்கான் அப்புவது. அது பலன் தராது. ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் சரியான சட்டம் செய்ய முடியும்.

சட்டத்துக்குள் அடைபட்ட காற்று வெயிலில் சூடாகி விரிகிறது. 28 டிகிரியில் மூடிய பெட்டி நண்பகலில் 65 டிகிரிக்குப் போனால் உள்ளழுத்தம் சுமார் 12 சதவீதம் ஏறும். 12×18 அங்குலப் படத்துக்கான கண்ணாடியில் இது ஏறக்குறைய 200 கிலோ எடை உள்ளிருந்து தள்ளுவதற்குச் சமம். கண்ணாடி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மீதி விசை முழுவதும் சிலிக்கான் விளிம்பில் இறங்கும். தினமும் இப்படி இழுபட்டால் ஏதோ ஒரு மூலையில் முடியளவு இடுக்கு விழுந்தே தீரும். மாலையில் மழை பெய்து சட்டம் சட்டென்று குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. அந்த நேரத்தில் இடுக்கின் மேல் நிற்பது காற்றல்ல, தண்ணீர். அதைத்தான் பெட்டி உறிஞ்சுகிறது. உள்ளே போன தண்ணீருக்கு அதே இடுக்கு வழியாக வெளியேறத் தெரியாது.

ஆகவே பெட்டி எப்படியும் மூச்சுவிடும். எந்த வழியாக விட வேண்டும் என்பதை நாம் தீர்மானித்துவிட்டால் போதும். மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மரின் பக்கத்தில் சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) நிரப்பிய குடுவை ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் சூடாகிக் குளிரும்போது டேங்கு இழுக்கும் காற்றை உலர்த்தி அனுப்புவது அதன் வேலை. இங்கே செய்யப்போவதும் அதே ஏற்பாடு, சிறிய அளவில்.

முதலில் இடம்

மழையைச் சட்டத்தால் தடுக்கலாம், வெளிச்சத்தைத் தடுக்க முடியாது. அதனால் இடத்தை வெயிலைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். கிழக்கு, மேற்குச் சுவர்களில் சாய்ந்த வெயில் நேராக முகத்தில் அடிக்கும். தெற்குச் சுவரில் செப்டம்பர் முதல் மார்ச் வரை வெயில் விழும். வடக்குச் சுவர்தான் நல்லது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கும். ஆனால் அந்த வெயில் ஏறக்குறைய செங்குத்தாக விழுவதால், மேலே ஓர் அடி நீட்டிய சன்ஷேடு அதை மறைத்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் அந்தப் பக்கம் சாரல் அடிக்கும் என்பது உண்மை. அதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும்.

என்ன படம் உள்ளே போகலாம்

வீட்டில் இருக்கும் ஒரே பிரதியை ஒருபோதும் வெளியே மாட்டாதீர்கள். நல்ல ஸ்கேன் எடுத்து, கோப்பை இரண்டு இடங்களில் வைத்துக்கொண்டு, பிரிண்டை மட்டும் மாட்டுங்கள். பிக்மென்ட் மையில் (நுண்ணிய நிறத்துகள்களால் ஆன மை) போட்ட பிரிண்ட், சாதாரண டை மையைவிட (கரைந்த சாயம்) வெயிலைப் பல மடங்கு தாங்கும். ஸ்டூடியோவில் கேட்டு வாங்குங்கள். போட்டோ லேபில் கழுவிப் போடும் பிரிண்டின் மேற்பரப்பு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகிக் கண்ணாடியில் ஒட்டும், பூஞ்சைக்கும் அது உணவு. எனவே எந்தப் பிரிண்டாக இருந்தாலும் கண்ணாடியைத் தொடவே கூடாது.

ஆண்டுக்கு ஒரு முறைகூட யாரும் வந்து பார்க்க முடியாத இடமென்றால் இந்தச் சட்டத்தை விட்டுவிட்டு, சூளையில் சுட்ட பீங்கான் படமாகச் செய்துவிடுங்கள். 1854-இல் பிரான்ஸில் காப்புரிமை பெற்ற முறை அது. நிறமே பீங்கானோடு உருகிச் சேர்ந்துவிடுவதால் கண்ணாடியும் வேண்டாம், பராமரிப்பும் வேண்டாம்.

பொருள்கள்

கண்ணாடி: 6.38 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடி, 349×501 மி.மீ. இரண்டு 3 மி.மீ. கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் புற ஊதாக் கதிரில் சுமார் 99 சதவீதத்தை நிறுத்திவிடும். உடைந்தாலும் சிதறாது. அக்ரிலிக் எடை குறைவுதான், ஆனால் இந்த வேலைக்கு வேண்டாம். நீராவி அதன் ஊடாகவே மெதுவாகக் கசியும். அரை மீட்டர் அக்ரிலிக் 40 டிகிரி சூட்டுக்கு 1.4 மி.மீ. நீளும், அதே நீளக் கண்ணாடி 0.2 மி.மீ.கூட நீளாது. அந்த நீட்சி தினமும் சிலிக்கானைக் கிழிக்கும்.

உடல்: பேனல் போர்டு பெட்டி செய்யும் பட்டறையில் 1.6 மி.மீ. அலுமினியத் தகட்டை வளைத்துச் செய்யச் சொல்லுங்கள். குறுக்குவெட்டில் அது தொப்பி வடிவம்: முன்பக்கம் உள்நோக்கி 15 மி.மீ. மடிப்பு, பக்கச் சுவர் 30 மி.மீ., பின்பக்கம் வெளிநோக்கி 25 மி.மீ. மடிப்பு. உள் அளவு 355×507 மி.மீ. நான்கு மூலைகளும் முழுக்க வெல்டிங். 45 டிகிரியில் அறுத்து ஸ்க்ரூ போட்ட மூலை என்றைக்காவது ஒழுகும். துளைகளைப் போட்ட பிறகே பவுடர் கோட்டிங், அதுவும் வெள்ளை நிறம். கறுப்புச் சட்டம் அழகுதான், ஆனால் வெயிலை உறிஞ்சி உள்ளே சூட்டைக் கூட்டும்.

பின்பலகை: 4 மி.மீ. ஏசிபி ஷீட் (இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை), வெளி மடிப்பின் விளிம்பு வரை. படத்தை ஒட்ட 3 மி.மீ. ஏசிபி, 340×490 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பிளைவுட், தடித்த மவுண்ட் அட்டை மூன்றையும் தவிருங்கள். இந்தச் சட்டத்துக்குள் இருக்கும் 3 லிட்டர் காற்றில் மழைக்காலத்தில்கூட 0.07 கிராம் நீராவிதான் இருக்கும். அதே அளவுக்கு 6 மி.மீ. எம்டிஎஃப் வைத்தால் அதன் எடை சுமார் 800 கிராம், அதற்குள் இருக்கும் ஈரம் 60 கிராம். வெயில் பட்டதும் அது ஆவியாகிக் கண்ணாடியில் வந்து படியும். "ஒழுகவே இல்லை, ஆனாலும் பனி படர்கிறது" என்று சொல்லப்படும் சட்டங்களில் பெரும்பாலும் குற்றவாளி இந்தப் பலகைதான்.

மற்றவை: நியூட்ரல் சிலிக்கான் ஒரு குழாய், 10 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமனுள்ள ஈபிடிஎம் ரப்பர் ஸ்பாஞ்ச் பீடிங் 2 மீட்டர், 3 மி.மீ. தடிமனுள்ள இருபக்க ஃபோம் டேப். எம்4 ஸ்டெயின்லெஸ் போல்ட், நட்டு 24, நைலான் வாஷருடன். பிஜி7 கேபிள் கிளாண்ட் (துளையில் ஒயரை இறுக்கிப் பிடிக்கும் திருகுமூடி) ஒன்று. சொட்டுநீர்ப் பாசனக் கடையில் கிடைக்கும் கறுப்பு மைக்ரோ டியூப், உள்விட்டம் 4, வெளிவிட்டம் 6 மி.மீ., ஒன்றரை மீட்டர், 25 மி.மீ. பிவிசி பைப் 16 செ.மீ., இரண்டு மூடிகள். ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் 40 கிராம். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது கைக்கும் நல்லதல்ல. கடலோர ஊரென்றால் போல்ட் 316 ரகமாக இருக்கட்டும், 304-இல் உப்புக்காற்றில் துருப்புள்ளி விழும்.

சிலிக்கானை வாங்கும்போது கவனம். திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அமில ரகம். அலுமினியத்தை அரிக்கும், லேமினேட்டட் கண்ணாடியின் பிவிபி படலத்தை ஓரத்திலிருந்து பிரிக்கும், உள்ளே தங்கும் ஆவி படத்தின் நிறத்தையும் கெடுக்கும். குழாயில் நியூட்ரல் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

கண்ணாடியைப் பொருத்துதல்

முன்மடிப்பின் உள்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்து ஃபோம் டேப்பை ஒட்டுங்கள். டேப்புக்கும் மடிப்பின் முனைக்கும் நடுவே 5 மி.மீ. விடுங்கள், சிலிக்கான் உட்கார வேண்டிய இடம் அது. சட்டத்தைக் கவிழ்த்து, கண்ணாடியைப் பின்னாலிருந்து இறக்குங்கள். கீழ்ப்பக்கம் 3 மி.மீ. ரப்பர் துண்டுகள் இரண்டு வைத்து அதன்மேல் கண்ணாடி உட்காரட்டும், அலுமினியத்தைத் தொட வேண்டாம். சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி இருக்கும். அதைப் பின்னாலிருந்து சிலிக்கானால் நிரப்புங்கள்.

பிறகு நிமிர்த்தி, முன்பக்கம் கண்ணாடியும் மடிப்பும் சேரும் கோட்டில் சிலிக்கான் ஓட்டுங்கள். கீழ் ஓரத்தில் மட்டும் விரலால் சரிவாக வழித்துவிடுங்கள். கண்ணாடியில் வழிந்து வரும் தண்ணீர் அந்த விளிம்பில் தங்காமல் வெளியே ஓட வேண்டும். தட்டையாகவோ குழிவாகவோ விட்டால் அங்கே தூசியும் தண்ணீரும் சேர்ந்து முதலில் கெடுவது அந்த இடமாகத்தான் இருக்கும். சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி நாளொன்றுக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான் இறுகும். இறுகும்போது ஆவியும் விடும். ஏழு நாள் திறந்தே கிடக்கட்டும், அதுவரை படம் உள்ளே போக வேண்டாம்.

மூச்சுக்குழாய்

பின்பலகையின் கீழ்ப்பகுதியில் துளையிட்டுக் கேபிள் கிளாண்டை மாட்டுங்கள். அதில் 5 செ.மீ. டியூப் துண்டைச் செருகி இறுக்கி, மறுமுனையை ஜெல் பைப்பின் மூடியில் 6 மி.மீ. துளை போட்டு நுழைத்துச் சிலிக்கானால் அடையுங்கள். பைப்பின் இருமுனையிலும் கொஞ்சம் பஞ்சு, நடுவில் ஜெல். மறுபக்க மூடிக்கு பிவிசி பசை வேண்டாம், டெஃப்லான் டேப் சுற்றி அழுத்தினால் போதும், பிறகு திறக்க வேண்டுமே. அந்த மூடியிலிருந்து ஒரு மீட்டர் டியூப் சுருளாகச் சுற்றி, திறந்த முனை கீழே பார்க்க நிற்க வேண்டும். முனையில் நைலான் வலைத்துண்டைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் எறும்போ குளவியோ குடிபுகுந்துவிடும்.

ஒரு மீட்டர் எதற்கு என்றால், நீண்ட மெல்லிய குழாய்க்குள் நீராவி தானாகப் பரவி வருவது மிகவும் மெதுவாக நடக்கும். பெட்டி இழுக்கும் காற்று மட்டுமே ஜெல்லைத் தொடும். அந்தக் காற்று நாளொன்றுக்கு 400 மி.லி.க்கும் குறைவு. அதிலுள்ள ஈரம் ஆண்டு முழுதும் சேர்த்தால் 3, 4 கிராம். 40 கிராம் ஜெல் 8 கிராம் ஈரத்தைச் சிரமமின்றிப் பிடித்து வைக்கும். டியூப்பைக் குறுக்கினால் இந்தக் கணக்கு தவறும், ஜெல் அதைவிடச் சீக்கிரம் நிரம்பிவிடலாம். சிலிக்கான் ரப்பர் டியூப்பும் உதவாது, அதன் சுவர் வழியாகவே நீராவி புகும்.

படமும் பின்பலகையும்

படத்தை 3 மி.மீ. ஏசிபியின் நடுவில் இருபக்க அக்ரிலிக் பசைப் படலத்தால் ஒட்டுங்கள். கோல்டு லேமினேஷன் (சூடில்லாமல் ஒட்டும் முறை) கடையில் ரோலர் வைத்துச் செய்து தருவார்கள். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது, ரப்பர் பசை சூட்டில் மஞ்சள் கறையாக வெளிவரும். பின்பலகையில், படத்தின் நான்கு மூலைகள் வரும் இடத்தில், இரண்டிரண்டாக ஒட்டிய 4 மி.மீ. ஏசிபி துண்டுகளை நியூட்ரல் சிலிக்கானால் நிறுத்தி, இதையும் ஒரு வாரம் உலர விடுங்கள். படப்பலகையை அவற்றின்மேல் 10 மி.மீ. ஸ்க்ரூவால் முடுக்குங்கள். அதைவிட நீளமான ஸ்க்ரூ பின்பலகையைத் துளைத்துவிடும். ஸ்க்ரூத் தலைகள் முன்மடிப்புக்குப் பின்னே மறைந்துவிடும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஏறக்குறைய 1 செ.மீ. இடைவெளி கிடைக்கும். படம் பின்பலகையோடு கழன்று வருவதால், பிரிண்டை மாற்றக் கண்ணாடியைத் தொட வேண்டியதில்லை.

ஈபிடிஎம் பீடிங்கை வெளி மடிப்பின் உள்விளிம்பை ஒட்டி ஓட்டுங்கள். மூலையில் வெட்டாமல் வளைத்தே திருப்புங்கள். இரு முனைகளும் கீழ்ப்பக்க நடுவில், சாய்வாக வெட்டிச் சிலிக்கானால் சேர வேண்டும். போல்ட் துளைகள் பீடிங்குக்கு வெளியே இருக்க வேண்டும், 80 மி.மீ.க்கு ஒன்று. 5 மி.மீ. பீடிங் 3 மி.மீ. ஆகும்வரை இறுக்கினால் போதும். அதற்கு மேல் நசுக்கினால் அது மீண்டும் எழாது, அடுத்த முறை திறந்து மூடும்போது கசியும்.

சோதனை

படம் இல்லாமல் ஒரு முறை மூடிச் சோதிப்பதைத் தாண்டிப்போகாதீர்கள். மெல்லிய டிஷ்யூ தாளில் மைப்பேனாவால் கோடுகள் இழுத்து உள்சுற்று முழுக்க வையுங்கள். மூச்சுக்குழாயை இணைத்து மூடி, இரண்டு மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரை மேலிருந்து சாய்வாகப் பத்து நிமிடம் பீய்ச்சுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும். குளிர்ந்த சட்டத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதில் பயனில்லை. சூடான பெட்டி குளிரும்போதுதான் உறிஞ்சும். திறந்து பாருங்கள்: மை கலைந்த இடமே ஓட்டை.

மூடுவதற்கு முன் பலகையையும் படத்தையும் ஏசி அறையில் ஒரு நாள் வைத்து, அங்கேயே மூடுங்கள். 24 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை அடைத்தால் 13 டிகிரிக்குக் கீழே போனால்தான் பனி படரும். சமவெளியில் அப்படிப்பட்ட இரவு அரிது. மழைக்கால முற்றத்தில், 28 டிகிரியில், 85 சதவீத ஈரத்தோடு மூடினால் 25 டிகிரியிலேயே படரும், அதாவது அன்றிரவே. ஊட்டி, கொடைக்கானல் என்றால் ஏசி அறைக் காற்றும் போதாது. மூடிய பிறகு ஜெல் உள்காற்றை இன்னும் உலர்த்த இரண்டு, மூன்று நாள் அறைக்குள்ளேயே வைத்திருந்து பிறகு மாட்டுங்கள்.

சுவரிலிருந்து 40 மி.மீ. தள்ளி, பைப் துண்டுகளை இடையில் வைத்து மாட்டுங்கள். சுவரின் ஈரம் தொடாது, ஜெல் பைப்புக்கும் இடம் கிடைக்கும். மாலை போடும் கொக்கியைச் சுவரில் அடியுங்கள், சட்டத்தில் துளை போடாதீர்கள். வாடிய மாலை நாள்கணக்கில் மேல் விளிம்பில் கிடந்தால் ஈரம் காயாமல் கோட்டிங் உரியும். சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில் வைக்கலாம், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். அகல் விளக்கு மட்டும் ஓரடியாவது தள்ளி இருக்கட்டும். சுடர் ஓரிடத்தை மட்டும் சூடாக்கினால் கண்ணாடி அங்கிருந்து கீறிக்கொள்ளும்.

ஆண்டுக்கொரு முறை

செப்டம்பரில், மழைக்கு முன், ஜெல் பைப்பைக் கழற்றி எடை போடுங்கள். முதல் நாள் எடையை அதன்மேல் அழியாத மையில் எழுதி வைத்திருந்தால் வேலை எளிது. 8 கிராம் கூடியிருந்தால் ஜெல்லை மாற்றுங்கள். மூன்று மாதத்திலேயே 8 கிராம் கூடினால் ஜெல்லைக் குறை சொல்லாதீர்கள், எங்கோ கசிகிறது.

காலையில் படர்ந்து பத்து மணிக்கு மறையும் பனி, ஜெல் நிரம்பியதைக் காட்டும். கீழே துளியாகத் தண்ணீர் நின்றால் பீடிங்கின் இணைப்பையும் முன்பக்கக் கீழ் விளிம்பையும் பாருங்கள். கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளைப் படலமோ குமிழோ தெரிந்தால் பிவிபி பிரிகிறது. அந்தக் கண்ணாடியைச் சரிசெய்ய முடியாது, மாற்ற வேண்டும். உள்ளே எல்லாம் உலர்ந்திருந்தும் நிறம் மட்டும் வெளுத்தால் அது வெளிச்சத்தின் வேலை. சட்டத்தை நிழலான இடத்துக்கு மாற்றி, கோப்பிலிருந்து புதுப் பிரிண்ட் போட்டு மாட்டுங்கள்.