காற்று தள்ளிய வேகம்: பனிக்கால ஓட்டப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலையில், கேரள எல்லையில் பாலக்காடு ஜில்லாவிலிருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர் ரோட்டில் மேற்குப் பார்த்து ஓடிப் பாருங்கள். யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவது போலிருக்கும். மூச்சு வாங்காது, கால் தானாகப் போகும். வாட்சைப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 5:40, அதாவது 5 நிமிடம் 40 நொடி என்று காட்டும். ஐப்பசி வரை 6:30-ல் திணறிக்கொண்டிருந்த ஆளுக்கு அது எப்படி இருக்கும்! வேகம் வந்துவிட்டது என்றுதான் நினைப்போம். மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். மார்கழி முடிவதற்குள் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தை மாதம் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓடுவதை வேடிக்கை பார்த்தேன்.

தள்ளியது காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுவைத்த வாசல்தான் பாலக்காட்டுக் கணவாய். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்கேயிருந்து வரும் காற்று இந்த வாசலில் நெருக்கிக்கொண்டு நுழைந்து மேற்கே பாயும். மலையாளக் கணக்கில் அது விருச்சிக மாதம். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசுகிற நாங்களும் 'விருச்சிகக் காத்து' என்றுதான் சொல்கிறோம். கார்த்திகைக் காத்து என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

காற்று பாதி என்றால் குளிர் மீதி. வெயில் காலத்தில் இதயத்துக்கு இரண்டு வேலை. தசைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். குளிரில் இரண்டாவது வேலை குறைந்துவிடுவதால் அதே நாடித்துடிப்புக்கு அதிக வேகம் கிடைக்கிறது. இது உண்மையான வேகம்தான், பொய் இல்லை. ஆனால் எலும்பும் தசைநாரும் குதிகால் நாணும் ஐப்பசியில் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. மூச்சுக்கு வசதி வந்துவிட்டது, காலுக்கு இன்னும் வரவில்லை. பனிக்காலத்தில் வரும் காயங்களில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன என்பது என் அனுபவம்.

லேசான ஓட்டத்தை வேகமாக ஓடுவது

எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு இது. வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறவர் மூன்று நாளாவது பேசிக்கொண்டே ஓட வேண்டும். பேசுவது என்றால் 'ம்', 'ஆமா' கணக்கில் சேராது. நேற்று வேலந்தாவளம் சந்தையில் தக்காளி என்ன விலைக்குப் போனது என்பதை ஒரு முழு வாக்கியமாக, நடுவில் மூச்சு இழுக்காமல் சொல்ல முடிய வேண்டும். தனியாக ஓடினால் நாலு வரிப் பாட்டை முணுமுணுத்துப் பாருங்கள். பாட்டு உடைந்தால் வேகம் அதிகம்.

பத்து கிலோமீட்டரை 58 நிமிடத்தில் ஓடுகிற ஒருவருக்கு லேசான ஓட்டம் என்பது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6:50 முதல் 7:20 வரை. குளிரில் இது நடப்பது போலத் தோன்றும், வெட்கமாகக்கூட இருக்கும். ஓட்டச் செயலியில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற கவலை வேறு. எனக்குத் தெரிந்து பலர் கெட்டுப்போனது இந்தக் கவலையில்தான். மூன்று மாதம் வாட்சில் பேஸ் (கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்) தெரியாதபடி மொத்த நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓடினேன், நிம்மதியாக இருந்தது.

காற்றோடு கிளம்பி, காற்றுக்கு எதிராகத் திரும்புவது

எங்கள் ஊரில் புதிதாக ஓட வருகிறவர்கள் தவறாமல் செய்வது இது. மேற்கே ஒன்பது கிலோமீட்டர் பறந்து போவார்கள். திரும்பும்போது உடம்பு வேர்த்து நனைந்திருக்கும், கால் தளர்ந்திருக்கும், காற்று முகத்தில் அடிக்கும். ஆறரை மணியைத் தாண்டினால் கிழக்கே சூரியனும் நேராகக் கண்ணில் குத்தும். போகும்போது காற்று கொடுத்ததைத் திரும்பும்போது வட்டியோடு வாங்கிக்கொள்ளும். எதிர்காற்று பிடுங்கிக்கொள்ளும் அளவுக்குப் பின்காற்று கொடுப்பதில்லை. அதனால் போக வரச் சேர்த்துப் பார்த்தால் காற்றில்லாத நாளைவிட நேரம் கூடத்தான் செய்யும்.

ஆகவே முதலில் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையிலிருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் போங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றைச் சந்தித்துவிடலாம். வேகத்தைப் பார்க்க வேண்டாம், முயற்சி ஒரே அளவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 7:30 காட்டினாலும் பரவாயில்லை. துணைக்கு ஒருவர் இருந்தால் அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம், முறை வைத்து மாறிக்கொள்ளலாம். நானும் மச்சானும் தென்னந்தோப்பு மறைப்பு தொடங்கும் இடத்தில் ஆள் மாறுவோம். அவர் உயரம் குறைவு என்பதால் எனக்குக் கொஞ்சம் நஷ்டம்தான்.

திரும்பி வந்து நிற்கும்போது டீக்கடை அண்ணன் கேட்பார்: "என்னுங்க, இன்னிக்குக் காத்து தள்ளிச்சா, நீங்களே ஓடுனீங்களா?" பயிற்சியாளர் வைத்துக்கொள்ள வசதியில்லாத எனக்கு அந்தக் கேள்வி போதும்.

தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் ஏற்றுவது

ஜனவரியில் சென்னை, மும்பை என்று பெரிய மாரத்தான்கள் வரிசையாக வரும். அதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிடும் அவசரத்தில் செவ்வாய்க்கிழமை இன்டர்வல் (நடுநடுவே ஓய்வெடுத்து வேகமாக ஓடுவது), வியாழன் டெம்போ (ஓய்வில்லாமல் கொஞ்சம் கடினமான வேகத்தில் ஓடுவது), ஞாயிறு லாங் ரன் என்று எல்லாம் ஒரே மாதத்தில் ஏறும். ஒரு நேரத்தில் ஒன்றை ஏற்றுங்கள். தூரம் ஏறும் வாரங்களில் வேகப் பயிற்சி அளவு மாறாமல் இருக்கட்டும். வேகப் பயிற்சியைக் கூட்டும் வாரங்களில் தூரம் அப்படியே நிற்கட்டும். நான்காவது வாரம் இரண்டையும் குறையுங்கள்.

'வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே' என்ற விதியை ஓடுகிற எல்லாரும் கேட்டிருப்பார்கள். 2008-ல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில், புதிதாக ஓட வந்தவர்களில் ஒரு கூட்டத்தை இந்த விதிப்படியும் இன்னொரு கூட்டத்தை வழக்கமான திட்டப்படியும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். விதி ஒன்றும் பெரிதாகக் காப்பாற்றவில்லை. 2025-ல் 5,200-க்கும் மேற்பட்டவர்களின் ஓட்டங்களைப் பார்த்த ஓர் ஆய்வு வேறொரு இடத்தைக் காட்டியது. வாரக் கூட்டுத்தொகையைவிட, ஒரே ஓட்டத்தில் தாவும் தாவல்தான் ஆபத்து. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீளமான ஓட்டத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் ஓடியவர்களுக்குக் காயம் கூடியது.

இதை நம் ஊர்க் கணக்கில் சொன்னால், போன ஒரு மாதத்தில் நீங்கள் ஓடிய அதிகபட்சம் 12 கிலோமீட்டர். பொள்ளாச்சியிலிருந்து நண்பர்கள் கூட்டம் வருகிறது, "வாங்க, 18 போலாம், கிளைமேட் நல்லாருக்கு" என்கிறார்கள். கிளைமேட் நல்லாத்தான் இருக்கும், ஓடியும் முடித்துவிடுவீர்கள். வலி மூன்றாம் நாள் வரும். அன்றைக்கு 13-ல் நின்றுவிட்டு, மீதி அஞ்சுக்கு அவர்களுடைய தண்ணீர் பாட்டிலை ஸ்கூட்டரில் தூக்கிக்கொண்டு போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வாரம் முழுக்கப் படுத்திருந்துவிட்டு ஞாயிறு மட்டும் 18 ஓடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இன்டர்வலில் முதல் ரவுண்டிலேயே எல்லாவற்றையும் கொட்டுவது

என் பழைய டைரியில் ஒரு மார்கழிக் காலை இருக்கிறது. ஸ்கூல் கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் டிராக். ஆறு தடவை 800 மீட்டர், ஒவ்வொன்றும் நாலு சுற்று. ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் எனக்கு அப்போது கிலோமீட்டருக்கு 5:34. அந்த வேகத்தில் 800-க்கு 4:27 வர வேண்டும். வந்தது இப்படி: 3:58, 4:10, 4:24, 4:38, 4:45, 4:52. சராசரி 4:28. டைரியில் "சூப்பர், இலக்கு அடிச்சாச்சு" என்று எழுதிவைத்திருக்கிறேன்.

இப்போது பார்த்தால் சிரிப்பு வருகிறது. முதல் இரண்டும் என் உடம்பு தாங்காத வேகம், கடைசி மூன்றும் வெறும் தள்ளாட்டம். பழக வேண்டிய 4:27-க்குப் பக்கத்தில் வந்தது மூன்றாவது ஒன்று மட்டும்தான். சராசரி எல்லாவற்றையும் மூடி மறைத்துவிட்டது. பனிக்காலத்தில் இந்தத் தவறு இன்னும் சுலபமாக நடக்கும். குளிரில் முதல் ரவுண்டு எதுவுமே உறைக்காது.

முதல் ரவுண்டை இலக்கைவிட இரண்டு மூன்று நொடி மெதுவாக ஓடுங்கள். கடைசி ரவுண்டு முதல் ரவுண்டுக்கு நாலைந்து நொடிக்குள் இருந்தால் பயிற்சி சரி. நடுவில் இரண்டு, மூன்று நிமிடம் நடந்தோ மெல்ல ஓடியோ ஓய்வெடுங்கள். ஓய்வைக் குறைப்பது வீரம் இல்லை, அது வேறொரு பயிற்சி. இன்னும் ஒன்று ஓடலாம் போலிருக்கிறதே என்று தோன்றும்போது வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும்.

வார்ம்-அப் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. பத்து, பதினைந்து நிமிடம் மெல்ல ஓடிவிட்டு, முட்டியைத் தூக்கிக் கொஞ்சம், குதிகாலைப் பின்னால் தட்டிக் கொஞ்சம், பிறகு 80 மீட்டர் அளவுக்கு நாலு ஸ்ட்ரைட்ஸ், அதாவது வேகத்தை மெல்ல ஏற்றும் சின்ன ஓட்டம். குளிர்ந்த தசையை நின்ற இடத்திலேயே இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்கை ஓடி முடித்த பின் வைத்துக்கொள்ளுங்கள்.

சிந்தெடிக் டிராக்குக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. 400 மீட்டர் என்பது உள்பக்க முதல் லேனில் மட்டும். எட்டாவது லேனில் ஒரு சுற்று சுமார் 453 மீட்டர். வெளி லேனில் ஓடிவிட்டு 'இன்னிக்கு என்ன இவ்வளவு ஸ்லோ' என்று மனமுடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிராக்கில் பள்ளிப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்து நாமும் அவர்கள் திட்டத்தை எடுத்துக்கொள்வது இன்னொன்று. பாலக்காடு ஓட்டக்காரர்கள் விளையும் ஜில்லா. முண்டூர்க்காரரான பி.யு. சித்ரா 2017-ல் புவனேஸ்வரத்திலும் 2019-ல் தோஹாவிலும் ஆசிய சாம்பியன்ஷிப் 1500 மீட்டரில் தங்கம் வாங்கினார். அந்தப் பாதையில் போகிற பிள்ளைகள் ஓடிவிட்டுத் தூங்குவார்கள். நாம் ஓடிவிட்டுப் பால் சொசைட்டிக்குப் போக வேண்டும், பஸ் பிடித்து ஆபீஸ் போக வேண்டும்.

ஸ்வெட்டரும் தண்ணீரும்

எங்கள் தனுமாதக் குளிர், அதாவது மார்கழிக் குளிர், விடியற்காலையில் இருபது டிகிரியைச் சுற்றி இருக்கும். மாரத்தானில் நல்ல நேரங்கள் வருவது பத்து டிகிரிக்குப் பக்கத்தில். அதாவது ஓடுகிறவனுக்கு இது இன்னும் வெதுவெதுப்புத்தான். மங்கி குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு கிளம்பினால் இரண்டாவது கிலோமீட்டரில் கழற்றி இடுப்பில் கட்ட வேண்டிவரும். கிளம்பும்போது லேசாக நடுங்கினால் உடை சரி.

தாகம் எடுக்கவில்லை என்று தண்ணீரை விட்டுவிடாதீர்கள். விருச்சிகக் காத்து வறண்ட காற்று, வேர்வையை உடனே உலர்த்திவிடும். முகத்தில் கையால் தடவினால் உப்பு நறநறவென்று வரும், அதுதான் சாட்சி. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உப்புப் போட்ட மோரோ எலுமிச்சை நீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஒரேயடியாக லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. கூடவே ஒரு வாழைப்பழம் அல்லது கடலை மிட்டாய்.

மூக்கொழுகல், தும்மல் மட்டும் என்றால் மெல்ல ஓடலாம். காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால் ஓடவே கூடாது. கெண்டைக்கால் எலும்பில் ஒரே விரலால் தொட்டுக் காட்டும்படி ஓர் இடம் மட்டும் வலித்தால் அன்றைக்கே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். எலும்பில் மயிரிழை விரிசல் அப்படித்தான் தொடங்கும். நான் பத்து நாள் தைலம் தேய்த்துப் பார்த்தேன். நல்லவேளை, எனக்கு அது தசையோடு நின்றது.

இருட்டில் ரோட்டின் இடது பக்கம் ஓடுவது

மண்டல காலத்தில் சபரிமலை வேன்கள் ராத்திரி முழுக்க இந்த ரோட்டில் போகும். நாலரை மணிக்கு வரும் டிரைவர் எட்டு மணி நேரமாக ஸ்டியரிங் பிடித்தவராக இருக்கலாம். கள்ளு வண்டிகளும் அந்த நேரத்தில்தான் சித்தூர்ப் பக்கமிருந்து அவசரமாகக் கிளம்பும். தைப்பூசம் நெருங்கினால் பழனிக்கு நடந்து போகிறவர்கள் ரோட்டோரம் முழுக்க இருப்பார்கள். வலது பக்கமாக, வண்டி எதிரே வரும்படி ஓடுங்கள். ஒளி திருப்பும் பட்டை போட்ட பனியன் மேலே இருக்கட்டும், காதில் பாட்டு வேண்டாம். வெளிச்சம் வந்த பிறகு, ரோடு ஓரமாகச் சரிந்திருக்கும் இடங்களில் ஒரே பக்கமாக ஓடாமல் வாய்க்கால் கரைக்கு இறங்கிவிடலாம். பனியில் புல் வழுக்கும், பார்த்து.

மாசி பிறந்ததும் இதே காற்று சூடாகிவிடும். அப்போது வாட்ச் மறுபடி 6:30 காட்டும். மச்சான் போன வருடம் அதைப் பார்த்துவிட்டு வாட்ச் ரிப்பேர் என்று கடைக்குக் கொண்டுபோனார்.