"ஸ்டேஷன் பக்கம்தான்" என்றால் எந்த ஸ்டேஷன்? மும்பையில் ரூம் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன், பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் (சுருக்கமாக பிகேசி, கம்பெனி ஆபீஸ்கள் நிறைந்த இடம்) இன்டர்வியூ என்று மும்பை கிளம்பினான். "மாமா, 1,300 ரூபாய்க்கு ரூம் கிடைச்சிருச்சு. ஏசி, காலை டிபனோட. தங்கிட்டு வந்தவங்க எல்லாரும் சூப்பர்னு எழுதியிருக்காங்க" என்று போனைக் காட்டினான். எழுதியிருந்தார்கள்தான். ஆனால் ரூம் இருந்தது மும்பை எல்லைக்கும் வடக்கே, மீரா ரோட்டில்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. நான் திருப்பூரில் பனியன் வியாபாரம் செய்கிறவன். பதினைந்து வருடமாக, வருடத்துக்கு மூன்று நான்கு முறை சாம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு மும்பைக்குப் போய் வருகிறேன். அந்தப் பையன் செய்தது நான் செய்த அதே தவறு. எனக்கு முன்னால் எத்தனை பேர் செய்தார்களோ தெரியாது, எனக்குப் பின்னால் செய்தவர்களில் ஏழெட்டுப் பேரை நேரிலேயே பார்த்துவிட்டேன்.

முன்பணத்தை முகம் தெரியாதவருக்கு ஜிபே பண்ணாதே, ஓடிபி சொல்லாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

மும்பை என்று போட்டிருந்தால் மும்பைதானே என்று நினைப்பது

என்னை இன்னும் உறுத்துகிற தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஊர்களில் பஸ் ஸ்டாண்டை நடுவில் வைத்துச் சுற்றிலும் ஊர் பரவியிருக்கும். எந்தப் பக்கம் தங்கினாலும் இருபது நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடலாம். மும்பை அப்படி இல்லை. தெற்கே கொலாபாவில் தொடங்கி வடக்கே நீளமாகப் போகும் நிலப்பட்டை அது. அந்த நீளத்தில் மூன்று லோக்கல் ரயில் பாதைகள் ஓடுகின்றன. வெஸ்டர்ன் லைன் சர்ச்கேட்டில் தொடங்குகிறது. சென்ட்ரலும் ஹார்பரும் சிஎஸ்எம்டியில், அதாவது சத்ரபதி சிவாஜி டெர்மினஸில், தொடங்குகின்றன. வெஸ்டர்னும் சென்ட்ரலும் கை கோத்துக்கொள்கிற பெரிய இடம் தாதர். இது போக, பல ஸ்டேஷன்களுக்கு ஈஸ்ட், வெஸ்ட் என்று இரண்டு பக்கம் உண்டு. அந்தேரி ஈஸ்ட்டிலிருந்து அந்தேரி வெஸ்ட்டுக்குச் சாயங்காலம் ஆட்டோவில் ஒருமுறை போய்ப் பாருங்கள், அப்புறம் நான் சொல்லவே வேண்டாம்.

இது எதுவும் மண்டையில் இல்லாமல் 2018-இல் என் தாய்மாமாவைப் பரேலில் இருக்கும் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அதற்கு முன்பு வியாபாரத்துக்குப் போனபோதெல்லாம் ரூமைப் பார்ட்டியே போட்டுக்கொடுத்துவிடுவார்கள். நானாகத் தேடியது அதுதான் முதல் தடவை. பயணிகள் எழுதியதை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். ஒருவர் எழுதியிருந்தது அப்படியே மனதில் உட்கார்ந்துகொண்டது: அந்தேரி ஈஸ்ட், 1,500 ரூபாய், சுத்தமான ரூம், ஆட்கள் மரியாதையானவர்கள், ஸ்டேஷன் பக்கம். தாதரில் அப்போது நான் விசாரித்த லாட்ஜில் 2,400 கேட்டார்கள். ஒரு நாளைக்கு 900 ரூபாய் மிச்சம், ஆறு நாளைக்கு 5,400. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துப் பணத்தைக் கட்டினேன்.

அவர் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ரூம் சுத்தம். ஆட்கள் தங்கமானவர்கள். ஸ்டேஷனும் பக்கம்தான். ஆனால் அது சகாலா மெட்ரோ ஸ்டேஷன். அங்கிருந்து அந்தேரிக்கு மெட்ரோ, அந்தேரியிலிருந்து பிரபாதேவிக்கு ஸ்லோ லோக்கல், அங்கே இறங்கி நடைமேம்பாலம் ஏறிப் பரேல் பக்கம் நடை. காலை எட்டு மணிக்கு விரார் பக்கமிருந்து பிதுங்கி வரும் லோக்கலில் அந்தேரியில் ஏறுவது, உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கே கண்டம். மாமா பிளாட்பாரத்தில் நின்று இரண்டு வண்டியை வேடிக்கை பார்த்துவிட்டு, "மாப்ளே, நான் ஊருக்கே போயிர்றேன்" என்றார்.

சரி, ஆட்டோ பிடிக்கலாம் என்றால் அதுவும் இல்லை. மும்பையில் ஆட்டோ ஊர் முழுக்க ஓடாது. மேற்கே மாஹிமையும் கிழக்கே சயனையும் தாண்டித் தெற்கே வர அதற்கு அனுமதி கிடையாது. தாதர், பரேல், ஃபோர்ட், கொலாபா எல்லாம் டாக்ஸி மட்டும்தான். அத்தனை முறை மும்பை போய் வந்த எனக்கே இது அன்றைக்குத்தான் உறைத்தது, ஏனென்றால் அதுவரை தெற்கே தங்கி டாக்ஸியிலேயே சுற்றியிருந்தேன். போக 550, வர 600. மெட்ரோ தோண்டுகிற வேலைக்காக ரோட்டில் பாதியைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஒன்றே கால் மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். மூன்றாம் நாள் டாக்ஸியில் உட்கார்ந்தபடி மாமா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவன் நம்ம தோட்டத்தை எழுதி வாங்காம விடமாட்டான்போல" என்றார். ஐந்து நாள் டாக்ஸிச் செலவு 5,750. மிச்சம் பிடித்ததாக நினைத்த 5,400 போக, கையிலிருந்து 350. தாமதமாகப் போனதில் ஒரு ஸ்கேன் தேதி தள்ளிப்போனது. அதற்கு ரூபாய்க் கணக்குப் போட முடியாது.

இதில் கொடுமை என்னவென்றால், வெளியூர் நோயாளிகளும் உடன் வருகிறவர்களும் குறைந்த செலவில் தங்கப் பரேல், தாதர் பக்கமே தர்மசாலைகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரியின் சமூகப் பணிப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். எல்லோருக்கும் உடனே இடம் கிடைத்துவிடாது, ஆனாலும் கேட்கவாவது கேட்டிருக்கலாம். நான்காம் நாள்தான், வரிசையில் நின்ற சேலத்துக்காரர் ஒருவர் சொல்லி எனக்குத் தெரிந்தது. நான் இரண்டு நாள் படித்த அத்தனை பயணிகளில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? அவர்கள் நோயாளியோடு போனவர்கள் இல்லையே. அந்தேரி ரூமைப் புகழ்ந்தவர், பழைய பதிவுகளைப் பார்த்தால், அந்தேரி ஈஸ்ட்டிலேயே சீப்ஸ் என்ற ஏற்றுமதி மண்டலத்துப் பக்கம் இருக்கும் கம்பெனிக்கு ட்ரெயினிங் வந்தவர். காலையில் நாலு எட்டு வைத்தால் ஆபீஸ். அவருக்கு அதைவிட நல்ல ரூம் மும்பையிலேயே இருந்திருக்காது.

அதனால் இப்போது யார் என்னிடம் "மும்பையில் நல்ல சீப் ரூம் எங்கே?" என்று கேட்டாலும் பதில் சொல்வதில்லை. காலையில் எங்கே போக வேண்டும், எத்தனை மணிக்கு, யாரோடு என்று திருப்பிக் கேட்கிறேன். நீங்களும் மற்ற பயணிகளிடம் கேட்கும்போது இதை எழுதிக் கேளுங்கள். "பரேலில் காலை எட்டு மணிக்கு இருக்க வேண்டும், கூட வயசானவர் வருகிறார், லோக்கலில் ஏற முடியாது, 2,000 வரை தரலாம்" என்று கேட்டால் வருகிற நான்கு பதிலும் உருப்படியாக இருக்கும். வெறுமனே "பட்ஜெட் ரூம் சொல்லுங்க" என்றால் நாற்பது பதில் வரும். நாற்பதும் அவரவர் ஆபீஸுக்குப் பக்கத்து ரூம்.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. அந்தேரி ஈஸ்ட் வேண்டவே வேண்டாம் என்று நான் ஏழு வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2025 அக்டோபரில் மூன்றாம் மெட்ரோ லைன் தெற்கே கஃப் பரேடு வரை முழுதாகத் திறந்துவிட்டது. இப்போது அந்தேரி ஈஸ்ட்டில் இருக்கும் மரோல் நாக்காவில் ஏறினால் பிகேசி, தாதர், சிஎஸ்எம்டி என்று பூமிக்கடியிலேயே நேராகப் போகலாம். அதாவது என் எச்சரிக்கையும் பழசாகிவிட்டது. மெட்ரோவைப் பற்றிப் பேசாத அந்தேரி ஆலோசனை எதையாவது படித்தால், என்னுடையதையும் சேர்த்து, எந்த வருடத்தில் எழுதியது என்று பாருங்கள்.

தேதி பார்க்காமல் விலையை நம்புவது

"1,200-க்குத் தங்கினேன்" என்று ஒருவர் எழுதியிருந்தால், எந்த மாதம், என்ன கிழமை, வரி சேர்த்தா என்று பார்க்க வேண்டும். வரியே மாறிவிட்டது. 7,500 ரூபாய்க்குள் இருக்கும் ரூமுக்கு முன்பு 12 சதவீதம் ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22-லிருந்து 5 சதவீதம். பழைய கணக்கிலேயே பில் போடுகிற லாட்ஜ் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், பில்லைப் பாருங்கள்.

தாதர் பக்கம் தங்குவதாக இருந்தால் டிசம்பர் 6-ஐ ஒட்டிய நாட்களைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அம்பேத்கர் நினைவு நாள் அது. சைத்யபூமிக்கு லட்சக்கணக்கில் மக்கள் வருவார்கள். ஒரு வருடம் இது தெரியாமல் டிசம்பர் 5 ராத்திரி தாதரில் இறங்கி, ரூம் கேட்டு ஏழு லாட்ஜ் படி ஏறி இறங்கினேன். கணேஷ் சதுர்த்தி சமயத்தில் லால்பாக், பரேல் பக்கமும் அதே கதைதான், தெருவில் நடக்கவே இடம் இருக்காது.

ஜனவரியில் எடுத்த படத்தைப் பார்த்து ஜூலையில் போவது

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. ஜன்னல் இல்லாத ரூம் ஜனவரியில் "அமைதியான ரூம்", ஜூலையில் ஓதம் பிடித்த குடோன். காயப்போட்ட சட்டை மூன்று நாளானாலும் ஈரம் விடாது. சாம்பிள் பனியன் ஒரு கட்டு முழுவதும் பூஞ்சை வாடை அடித்து, பார்ட்டியிடம் காட்ட முடியாமல் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். எனவே மழைக்காலத்தில் போகிறவர்கள் மழைக்காலத்தில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள். மற்றவர்கள் கொடுத்த ஐந்து நட்சத்திரம் உங்களுக்கு ஆகாது.

தெருவையும் விசாரியுங்கள். பெரிய மழை பெய்தால் முதலில் தண்ணீர் நிற்கும் இடங்கள் ஊருக்கே தெரிந்தவை: பரேல் பக்கம் ஹிந்த்மாதா, சயன், அந்தேரி சப்வே, மிலன் சப்வே. லாட்ஜ்காரரிடம் "தண்ணி நிக்குமா?" என்றால் நிற்காது என்றுதான் சொல்வார். "ஹிந்த்மாதா எத்தனை தூரம்?" என்று கேளுங்கள்.

யார் எழுதியது என்று பார்க்காமல் படிப்பது

முதுகில் மூட்டையோடு கொலாபாவில் வந்து இறங்கும் வெளிநாட்டு இளைஞனுக்கு ஆறு பேர் படுக்கும் டார்மிட்டரியும், வராந்தா கோடியில் இருக்கும் பொதுக் குளியலறையும் அனுபவம். உங்கள் அம்மாவுக்கு அது தண்டனை. இருவரும் ஒரே லாட்ஜுக்குத்தான் மார்க் போடுகிறார்கள். நான் முதலில் மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைத்தான் படிப்பேன். ஐந்து கொடுத்தவர் சந்தோஷத்தில் இருக்கிறார், ஒன்று கொடுத்தவர் கோபத்தில் இருக்கிறார். மூன்று கொடுத்தவர்தான் "லிஃப்ட் முதல் மாடியிலிருந்துதான் கிளம்பும், பெட்டியை அதுவரை நாமே தூக்க வேண்டும்" என்று எழுதுகிறவர். ஃபோர்ட் பக்கத்துப் பழைய கட்டடங்களில் அந்த மாதிரி வரி ஒன்று கிடைத்தால் பொன்.

படங்களில் லாட்ஜ்காரர் போட்டதை விடுங்கள், தங்கியவர்கள் எடுத்ததைப் பாருங்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பெட்டி தெரிகிறதா என்று தேடுங்கள். பெட்டியைக் கட்டில் மேல் வைத்து எடுத்திருந்தால் கீழே வைக்க இடமில்லை என்று அர்த்தம்.

காலை ஐந்து மணிக்கு இறங்கி, பன்னிரண்டு மணிக்கு ரூம் போடுவது

வாடகை நாம் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கா, எப்போது வந்தாலும் பகல் பன்னிரண்டு மணிக் கணக்கா என்று போன் போட்டுக் கேளுங்கள். சில மணி நேரம்தான் வேண்டும் என்றால் ரயில் டிக்கெட்டை வைத்து ரிடையரிங் ரூம் பாருங்கள். மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனில் 2021-இலிருந்து பாட் ஹோட்டலும் இருக்கிறது. அலமாரித் தட்டில் படுத்த மாதிரி இருக்கும், ஆனால் குளித்துக் கிளம்பிவிடலாம்.

குர்லா எக்ஸ்பிரஸ் குர்லாவில் நிற்கும் என்று நம்பி ரூம் போடுவது

அது நிற்பது லோக்மான்ய திலக் டெர்மினஸ். குர்லா லோக்கல் ஸ்டேஷன் வேறு.

டாக்ஸிக்காரர் காட்டும் லாட்ஜ்

"நீங்க சொன்னது மூடியாச்சு" என்பார். மூடியிருக்காது.

பாஸ்போர்ட் விஷயத்தைக் கடைசி நிமிடத்துக்கு விடுவது

கூட வருகிறவர் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்தால், தமிழ் பேசினாலும் அவர் வெளிநாட்டவர்தான். அவர் தங்குவதை லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும். சின்ன லாட்ஜ்கள் பல இந்த வம்பே வேண்டாம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும், ஆன்லைனில் பணம் கட்டியிருந்தாலும். "சின்ன லாட்ஜ், ஆனால் வெளிநாட்டவரையும் எடுத்துக்கொண்டார்கள்" என்று அதே பாஸ்போர்ட்டோடு போன ஒருவர் எழுதியிருந்தால் அதை நம்பலாம். இல்லையென்றால் முன்கூட்டியே போன்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். மீரா ரோடு ரூமை ரத்து செய்யவைத்து, பிகேசிக்கு ஆட்டோ ஓடுகிற தூரத்தில் சயனில் 1,900-க்கு ஒன்று பிடித்துக் கொடுத்தேன். 600 ரூபாய் அதிகம் என்று அவன் அப்பா இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பையன் அரை மணி நேரம் முன்னதாகவே போய், வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தானாம். வேலை கிடைத்ததா என்று இன்னும் மெயில் வரவில்லை. ஆனால் ஊர் திரும்பிய கையோடு அந்த லாட்ஜுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து அவனும் ஒரு வரி எழுதியிருக்கிறான்: "சூப்பர் ரூம், ஸ்டேஷன் பக்கம்."

எந்த ஸ்டேஷன் என்று எழுதவில்லை.