நாலு வரிசைக் கோப்பைகள்: மணிச்சத்துக் குறைவை நெல்லின் மரபணு எப்படிச் சமாளிக்கிறது என்று வீட்டிலேயே பார்ப்பது

ஒரே வயல், ஒரே உரம். ஒரு ரகம் தூர் வெடித்து, அதாவது அடியிலிருந்து பக்கத்தண்டுகள் கிளம்பி நிற்கிறது, பக்கத்துப் பாத்தியில் இன்னொன்று குட்டையாக நிற்கிறது. கேட்டால் “மண் சரியில்லை” என்பார்கள், இல்லையென்றால் “விதை சரியில்லை” என்பார்கள். மண்ணும் விதையும் சேர்ந்து என்ன செய்தன என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மொட்டை மாடியில் ஒரு மாதம் செலவழித்தால் அதை நீங்களே அளந்து பார்க்கலாம். பள்ளி அறிவியல் தெரிந்தால் போதும்.

இந்தச் சோதனைக்கு மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை எடுத்துக்கொள்வோம். செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கால்சியமும் இதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிஏபி என்ற மணிச்சத்து உரம் போட்டாலும் பெரும்பகுதி வேருக்கு எட்டாமல் மண்ணிலேயே கிடக்கும். அதனால் எந்த வேர் தேடிப் பிடிக்கிறது என்பதில் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் தெரியும்.

படி 1: விதை

இரண்டு நெல் ரகங்கள் வேண்டும். ஒன்று ஏடிடி 43 போன்ற புதிய ரகம், இன்னொன்று உங்கள் பக்கத்தில் கிடைக்கும் பாரம்பரிய ரகம். எது ஜெயிக்கும் என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டாம். பாரம்பரியம் என்பதாலேயே எந்த ரகமும் மணிச்சத்துக் குறைவைத் தாங்கிவிடாது.

முடிந்தால் இரண்டு விதையும் ஒரே வயலில், ஒரே பருவத்தில் விளைந்ததாக இருக்கட்டும். நெல்மணி தனக்கு வேண்டிய பாஸ்பரஸை பைட்டிக் அமிலமாகச் சேமித்து வைத்திருக்கும். செழிப்பான வயலில் விளைந்த விதைக்கு அந்தக் கையிருப்பு கூடுதல். அதை மரபணுவின் கெட்டிக்காரத்தனம் என்று நாம் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 2: மணல்

ஆற்று மணலைச் சலித்து, தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். தோட்ட மண் வேண்டாம், அதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஒரு லிட்டர் பாட்டில்களை பாதியாக வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, வெளிப்பக்கம் கறுப்புத் தாள் சுற்றுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், நாம் ஊற்றும் சத்தை அது தின்றுவிடும். ரகத்துக்குப் பத்துக் கோப்பை: ஐந்து முழுச்சத்துக்கு, ஐந்து மணிச்சத்து இல்லாததற்கு. மொத்தம் இருபது.

படி 3: இரண்டு கரைசல்

இதில் அவசரம் காட்டக் கூடாது. சொட்டுநீர் உரம் விற்கும் கடையில் எல்லாமே கிடைக்கும். ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீருக்குப் பொதுவாகப் போட வேண்டியவை: கால்சியம் நைட்ரேட் 0.5 கிராம், 13-0-45 உரம் (மூன்று எண்களும் வரிசையாகத் தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) 0.25 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.25 கிராம், இரும்பு சேர்ந்த நுண்ணூட்டக் கலவை ஒரு சிட்டிகை. நுண்ணூட்டப் பாக்கெட்டில் பாஸ்பேட் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

முழுச்சத்துக் கரைசலில் மட்டும் 0-52-34 சேர்க்க வேண்டும், லிட்டருக்கு 0.05 கிராம். இவ்வளவு சின்ன அளவை வீட்டுத் தராசு காட்டாது. ஐந்து கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து 10 மில்லி எடுத்தால் சரியாக இருக்கும்.

அப்புறம் ஒரு சிக்கல். 0-52-34இல் சாம்பல் சத்தும், அதாவது பொட்டாசியமும் இருக்கிறது. அதைச் சும்மா விட்டுவிட்டால், கடைசியில் தெரியும் வித்தியாசம் மணிச்சத்தாலா சாம்பல் சத்தாலா என்று சொல்ல முடியாது. அதனால் 3.4 கிராம் 0-0-50ஐ ஒரு லிட்டரில் கரைத்து, மணிச்சத்து இல்லாத கரைசலில் லிட்டருக்கு 10 மில்லி ஊற்றுங்கள். கணக்கு நேராகிவிடும்.

கால்சியம் நைட்ரேட்டைக் கெட்டியான நிலையில் பாஸ்பேட்டோடோ சல்பேட்டோடோ கலக்காதீர்கள், தயிர் திரிந்தது மாதிரி வெள்ளையாக அடியில் படிந்துவிடும். ஒவ்வொன்றையும் நிறையத் தண்ணீரில் தனித்தனியாக விட்டுக் கலக்குங்கள்.

படி 4: விதைப்பு

விதையை ஊறவைத்து முளைகட்டி, கோப்பைக்கு ஒரு நாற்று நடுங்கள். மணல் ஈரமாகவே இருக்கும்படி அந்தந்தக் கரைசலை ஊற்றி வாருங்கள். வாரம் ஒருமுறை வெறும் தண்ணீர் ஊற்றி உப்பை அலசி விடுங்கள். கோப்பைகளை ரகவாரியாக அடுக்காமல் கலந்து வையுங்கள், இடத்தையும் அவ்வப்போது மாற்றுங்கள்.

படி 5: பொறுமை

முதல் இரண்டு வாரம் எல்லாக் கோப்பையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சோதனை கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். நாற்று இன்னும் விதையின் கையிருப்பில்தான் ஓடுகிறது. அது தீர்ந்ததும் மணிச்சத்து இல்லாத பயிர் குட்டையாக, இலை ஒடுங்கி, நிறம் மட்டும் கரும்பச்சையாக நிற்கும். கரும்பச்சையைப் பார்த்து “நல்லாத்தானே இருக்கு” என்று ஏமாந்துபோகிறவர்கள் நிறையப் பேர். குருத்து இலை வெளுத்தால் அது இரும்புக் குறைவு, நுண்ணூட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

அதற்குள் செடிக்குள் என்ன நடக்கிறது?

செல்லுக்குள் பாஸ்பேட் தாராளமாக இருக்கும்போது எஸ்பிஎக்ஸ் என்ற புரதம், பிஎச்ஆர்2 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். சத்து குறைந்தால் பிடி தளரும். விடுபட்ட பிஎச்ஆர்2 டிஎன்ஏவில் தனக்குரிய இடங்களில் போய் உட்கார்ந்து, ஒரு கூட்டம் மரபணுக்களை ஒரே நேரத்தில் முடுக்கிவிடும். அவற்றில் ஒன்று தருவது மைக்ரோ ஆர்என்ஏ 399 என்ற மிகச் சின்ன ஆர்என்ஏ துண்டு. இது இலையிலிருந்து பட்டைத்திசு வழியாக வேருக்கு இறங்கிப் போய், பிஎச்ஓ2 மரபணுவின் செய்தியை, அதாவது புரதம் செய்யச் சொல்லும் அதன் ஆர்என்ஏ நகலை வெட்டிப் போடும். பிஎச்ஓ2வின் வேலை, பாஸ்பேட்டைக் கடத்தும் புரதங்களை அழிப்பது. அதன் வாயை அடைத்ததும் வேர் கூடுதலாக உறிஞ்ச ஆரம்பிக்கும். மண்ணில் இருக்கும் வேருக்குக் கட்டளை இலையிலிருந்து வருகிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

இந்த ஏற்பாடு எல்லா நெல்லிலும் உண்டு. ரகங்களைப் பிரிப்பது வேறு சில மரபணுக்கள். காசலத் என்ற இந்தியப் பாரம்பரிய நெல்லையும் ஜப்பானின் நிப்பான்பாரேயையும் ஒட்டுசேர்த்து, அதாவது மகரந்தம் மாற்றிக் கலப்பினமாக்கி ஆராய்ந்தபோது, காசலத்தின் 12ஆம் குரோமோசோமில் மணிச்சத்துக் குறைவைத் தாங்கவைக்கும் ஒரு பகுதி இருப்பது 1998இல் தெரியவந்தது. அதற்கு பப்1 என்று பேர். 2005இல் நெல்லின் முழு மரபுத்தொகுதி (ஜீனோம்) வெளியான பிறகும் அந்த மரபணு சிக்கவில்லை. காரணம், படித்து வெளியிட்டது நிப்பான்பாரேயின் தொகுதி. அதில் அந்த மரபணுவே இல்லை! 2012இல்தான் அது பிஸ்டால்1 என்று அடையாளம் கண்டார்கள். தண்டின் அடியில் புதுவேர் அரும்பும் இடத்தில் இது வேலை செய்து, இளம் பருவத்திலேயே வேரைப் பெருக்குகிறது. பெரிய வேர் அதிக மண்ணைத் தொடும், அதிகப் பாஸ்பேட்டைப் பிடிக்கும்.

படி 6: அளவு

நாலு வாரம் ஆனதும் கோப்பையைத் தண்ணீரில் அமுக்கி, மணல் தானாக உதிரும்படி அலசி எடுங்கள். பிடித்து இழுத்தால் சல்லி வேர் அறுந்துவிடும். தூர் எண்ணுங்கள். வேரையும் தண்டையும் தனித்தனியாக வெட்டி, மொரமொரவென்று காயவிட்டு, 0.01 கிராம் காட்டும் தராசில் எடை போடுங்கள். ஒரு நாற்று எடை காட்டாது, ஐந்தையும் சேர்த்து வையுங்கள்.

சத்து குறைந்த கோப்பைகளில் மொத்த எடை குறைந்தாலும், தண்டோடு ஒப்பிட்டால் வேரின் பங்கு கூடியிருக்கும். செடி இருக்கிற முதலைத் தேடலில் போடுகிறது.

படி 7: கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைக் கணக்கு. முதல் ரகத்தின் தண்டு எடை முழுச்சத்தில் 14, குறைவில் 7. இரண்டாவது ரகம் 10, 8. முதலாவதன் இழப்பு 7, இரண்டாவதன் இழப்பு 2. இந்த இரண்டு இழப்புகளுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது 5, ரகமும் மண்ணும் சேர்ந்து செய்த வேலை. இது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு ரகமும் ஒரே மாதிரிதான் பதில் சொல்கின்றன என்று அர்த்தம். ஒரே தடவையில் முடிவு கட்டாமல், முழுச் சோதனையையும் மறுபடி செய்து அதே திசையில் வருகிறதா என்று பாருங்கள்.

இந்தக் கற்பனைக் கணக்கில் முழு உரத்தில் முதல் ரகம் முந்துகிறது, குறைவில் பிந்துகிறது. உரம் நிறைந்த ஆராய்ச்சிப் பண்ணையில் மட்டும் தேர்வு செய்தால் இரண்டாவது ரகத்தைக் கழித்துக் கட்டியிருப்பார்கள். பிஸ்டால்1 பல நவீன ரகங்களில் இல்லாமல் போனதற்கு இப்படிப்பட்ட தேர்வும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

படி 8: ஆய்வகம் கிடைத்தால்

கல்லூரியில் பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) வசதி இருந்தால் இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து பிஸ்டால்1 இருக்கிறதா என்று பார்க்கலாம். ஏடிடி 43, ஏஎஸ்டி 16 ரகங்களில் இந்த மரபணுவைச் சேர்க்கும் வேலை தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது, அதிலும் கையாண்டது இந்த மாதிரி டிஎன்ஏ அடையாளங்களைத்தான். ஆனால் ஒட்டுசேர்த்த செடிகளைச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பெற்றோரில் மரபணுவே கிடையாது என்பதால், டிஎன்ஏவைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அதற்குரிய பட்டை (கோடு) விழுந்தால் மரபணு இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். ஒரு பிரதியா இரண்டா என்று அது சொல்லாது. அந்தச் செடியின் விதைகளை விதைத்து, நாற்றுகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்: எல்லாவற்றிலும் பட்டை விழுந்தால் இரண்டு பிரதி, ஏறக்குறைய நாலில் ஒன்றில் விழாமல் போனால் ஒரு பிரதி.