சுரங்க அனுமதிக் கோப்பைப் படிப்பது எப்படி? வைட்ஹேவனை வைத்து ஒரு பயிற்சி

ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு 'அனுமதி கிடைத்துவிட்டது' என்று செய்தி வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில், வைட்ஹேவன் ஊரை ஒட்டித் திட்டமிட்ட வுட்ஹவுஸ் நிலத்தடிச் சுரங்கத்துக்குக் குறைந்தது மூன்று தடவை அப்படிக் கிடைத்தது. அங்கிருந்து ஒரு கூடைக் கரிகூட வெளியே வரவில்லை. 2022 டிசம்பரில் செய்தியைப் பார்த்துவிட்டு 'கதை முடிந்தது' என்று குறிப்பெழுதி வைத்தவன் நான், அதனால்தான் சொல்கிறேன்.

கோப்பைத் திறப்பதற்கு முன்னால் வரைபடத்தைத் திறங்கள். விண்ணப்பத்தோடு வரும் வரைபடத்தில் இடத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு இருக்கும், அந்தக் கோட்டுக்குள் மேலே என்ன, கீழே என்ன என்று தனித்தனியாகப் பாருங்கள். வுட்ஹவுஸில் மேலே இருப்பது மார்ச்சன் என்ற பழைய ரசாயன ஆலை நின்ற வெற்றிடம், பக்கத்திலேயே கெல்ஸ் குடியிருப்பு. கரி இருப்பதோ பெரும்பாலும் ஐரிஷ் கடலுக்கு அடியில். பழைய ஜிப்சம் வகைக் கனிமச் சுரங்கத்துக்காகத் தோண்டிய சாய்வுப் பாதைகள் அப்படியே இருந்ததால், அவற்றின் வழியாக இறங்கிக் கடலுக்கடியில் போய் வெட்டலாம் என்பது கணக்கு. வெட்டிய கரியை பூமிக்கடியிலேயே கன்வேயரில் பௌ பெக் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய் அங்கே ரயிலில் ஏற்றுவார்கள். ஆக ஆலை நிலத்தை மட்டும் பார்த்து 'பாழ் நிலம்தானே' என்று சொல்பவர், பள்ளத்தாக்கையும் தெற்கே இருக்கும் செயின்ட் பீஸ் முனையையும் பார்க்காமல் விட்டுவிடுகிறார். பாதுகாக்கப்பட்ட கடற்பறவைப் பாறை அது. சில மைல் தள்ளி செல்லாஃபீல்டு அணு வளாகம் வேறு. நிலம் அமிழ்ந்தால், அதிர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்விகளெல்லாம் இந்த அக்கம்பக்கத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

பழைய வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். அந்தக் கரையில் 18ஆம் நூற்றாண்டிலேயே சால்டம் என்ற சுரங்கக் குழியிலிருந்து கடலுக்கடியில் வெட்டினார்கள். கடைசியாக இயங்கிய ஹேக் குழி 1986இல் மூடப்பட்டது. 1910இல் வெலிங்டன் குழியில் 136 பேர் இறந்த ஊர் அது. 'எங்கள் ஊருக்குச் சுரங்கம் புதிதல்ல' என்று ஆதரவாளர்கள் சொன்னதன் எடை இதைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

சரி, இப்போது காகிதங்கள். அனுமதி என்பது ஒரே காகிதம் அல்ல. நிலத்தில் கட்டடம் கட்டித் தோண்ட உள்ளூராட்சியின் திட்ட அனுமதி வேண்டும். கரி அங்கே நில உரிமையாளருக்குச் சொந்தமில்லை என்பதால் நிலக்கரி ஆணையத்தின் உரிமம் தனி. கடலுக்கடியில் போக கடல்சார் உரிமம், கழிவுநீருக்குச் சுற்றுச்சூழல் முகமையின் அனுமதி. செய்தியில் வரும் 'அனுமதி' இதில் எது என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம் ஒரு தாளில் தேதி, கொடுத்தவர், அடுத்து என்ன ஆனது என்று மூன்று நெடுவரிசை போட்டு எழுதுங்கள். 2017இல் விண்ணப்பம். 2019 மார்ச்சில் கும்பிரியா கவுண்டி கவுன்சில் சம்மதித்தது, வழக்கு மிரட்டல் வந்தது, விண்ணப்பம் திருத்தப்பட்டது. 2020 அக்டோபரில் மறுபடி சம்மதம். 2021 ஜனவரியில் தலையிட மாட்டேன் என்ற அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக், மார்ச்சில் கோப்பைத் தன்னிடம் எடுத்துக்கொண்டார் (அந்த ஆண்டு இறுதியில் கிளாஸ்கோவில் காலநிலை மாநாடு என்பதை நினைவில் வையுங்கள்). செப்டம்பரில் பொது விசாரணை. 2022 டிசம்பர் 7இல் அப்போதைய அமைச்சர் மைக்கேல் கோவ் ஒப்புதல். 2024 செப்டம்பர் 13இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

நேரம் குறைவென்றால் இந்தக் கடைசி இரண்டு வரிக்கு நடுவில் மட்டுமாவது நில்லுங்கள், மொத்தக் கதையும் அங்கேதான். ஆண்டுக்கு 27.8 லட்சம் டன் வரை எஃகு ஆலைக்கான கோக்கிங் கரி எடுப்பதாகத் திட்டம். சுரங்கத்தை இயக்குவதில் வரும் புகையைக் கணக்கில் எடுத்தார்கள். எடுத்த கரியை யாரோ எரிப்பதில் வரும் புகையை, அது இந்தத் திட்டத்தின் விளைவு அல்ல என்று ஒதுக்கிவிட்டார்கள். இங்கே எடுக்காவிட்டால் வேறெங்காவது எடுப்பார்கள் என்றும் வாதம் வைத்தார்கள். 2024 ஜூனில், சர்ரே பகுதி எண்ணெய்க் கிணறு பற்றிய ஃபின்ச் வழக்கில், எரிப்பதால் வரும் புகையையும் மதிப்பிட்டே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சுரங்கத்துக்குக் கொடுத்த ஒப்புதலின் அஸ்திவாரமே ஆடிவிட்டது. ஆகவே எந்தச் சுற்றுச்சூழல் அறிக்கையைப் படித்தாலும், 'இது எங்கள் வரம்புக்கு வெளியே' என்று சொல்லும் பத்தியை முதலில் தேடிப் பிடியுங்கள். பெரும்பாலும் ஒற்றை வாக்கியமாக, நடுவில் எங்கோ கிடக்கும்.

ரத்து என்றால் நிராகரிப்பு அல்ல, கோப்பு மறுபடி அமைச்சர் மேசைக்குப் போகும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே அந்த மறுமுடிவு வரவே இல்லை. 2025இல் சுரங்கம் தோண்ட விண்ணப்பித்த நிறுவனமே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

ஒரு சின்ன எச்சரிக்கை. கும்பிரியா கவுண்டி கவுன்சில் 2023 ஏப்ரலில் கலைக்கப்பட்டு, வைட்ஹேவன் இப்போது கம்பர்லாந்து கவுன்சிலின் கீழ் இருக்கிறது. நிலக்கரி ஆணையத்துக்கும் 2024இல் பெயர் மாறிவிட்டது. அலுவலகப் பெயரை வைத்துத் தேடினால் பாதிக் கோப்புகள் சிக்காது, இடத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள்.